பிரிஸ்பேன் பக்கம் கிளாம்பிங் போகுமுன்: ஜனவரிக் கூடாரத்தில் நான் பட்ட பாடு

ஜனவரியில் ஓர் இரவுக்கு 345 டாலர் கொடுத்து நான் படுத்த கூடாரம், ஜூலையில் 190 டாலர். அதே கட்டில், அதே விளக்குச் சரம், மேசையாகக் கவிழ்த்து வைத்த அதே மரப்பெட்டி. விலை கூடினால் வசதியும் கூடும் என்று நினைப்பது இயல்பு. தென்கிழக்குக் குயின்ஸ்லாந்தின் கடற்கரையில் கணக்கே வேறு. கூடாரத்தில் தூங்குவதற்கு ஆண்டிலேயே மோசமான மாதத்துக்குத்தான் இங்கே உச்ச விலை, ஏனென்றால் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை அப்போதுதான். பிரிஸ்பேனுக்குப் புதிதாக வந்த நம் குடும்பங்கள், முதல் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்று தேடத் தொடங்கினால், கட்டிலும் விளக்கும் போட்டு ஆயத்தமாக வைத்த கூடாரத்தில் தங்கும் இந்தக் கிளாம்பிங் படங்களில்தான் வந்து நிற்பார்கள். வெள்ளைக் கித்தான், மஞ்சள் வெளிச்சம், பின்னால் கடல். என்னிடம் யாராவது இதையெல்லாம் முன்பே சொல்லியிருந்தால் ஆயிரம் டாலரும் ஓர் இரவுத் தூக்கமும் மிச்சமாகியிருக்கும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டிசம்பர் கடைசியில் விருத்தாசலத்தில் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். கணவர் கிடைத்த விமானத்தில் ஊருக்குப் போய்விட்டார். எனக்கு அலுவலகத்தில் முன்பே சொல்லி வாங்கிய விடுப்பு. வீட்டில் பதினோரு வயது மகளும் ஆறு வயது மகனும். ஆறு வார விடுமுறையில் பாதிகூடக் கழியவில்லை. பக்கத்து வீட்டு நீச்சல் குளத்தில் பிள்ளைகள் குதிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் மகன் வேலிக்கு அருகே போய் நின்றுகொள்வான். அதைப் பார்க்க முடியாமல்தான் தேட ஆரம்பித்தேன். சன்ஷைன் கோஸ்ட்டுக்கு வடக்கே, ஓர் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிய இடம் கிடைத்தது. பெயர் வேண்டாம், சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. விடுமுறைக் காலத்தில் குறைந்தது மூன்று இரவு எடுத்தாக வேண்டும் என்றார்கள். துப்புரவுக் கட்டணம் 85 டாலர் சேர்த்து 1,120 டாலர். அவர்களுடைய விளம்பரத்தில் நான்கு விஷயங்கள் இருந்தன: எந்தப் பருவத்துக்கும் ஏற்ற கூடாரம், பூச்சிவலை, மின்விசிறி, இருபத்துநான்கு மணி நேரமும் பொறுப்பாளர். இந்த நான்கையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

நான் கடலூர்க்காரி. மழையும் புயலும் எனக்குப் புதிதல்ல. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது ஓட்டு வீட்டுக்குள் இருந்தவள். ஆனால் கடலூரில் பழகிய மழைக் கணக்கு இங்கே உதவாது. அங்கே மழை ஐப்பசி கார்த்திகையில் கடலிலிருந்து வரும். நாலைந்து நாட்களுக்கு முன்பே வானொலி புலம்பத் தொடங்கிவிடும். தை பிறந்தால் வானம் தெளிந்து, காலையில் பனி இறங்கும். ஜனவரி என்றால் நல்ல மாதம் என்று உடம்பில் ஊறிப்போன எண்ணம். இங்கே டிசம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்தான் வறண்ட மாதங்கள். கோடையின் இடிமழை பெரும்பாலும் கடலிலிருந்து வருவதும் இல்லை. பின்னால், மேற்கே, நிலத்தின் பக்கமிருந்து பிற்பகலில் கிளம்பி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடற்கரையை அடைந்துவிடும். கடலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவருக்கு அது முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பது தெரியாது. இந்த ஒரு தகவல் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் என் கண்ணில் படவில்லை.

மாட்டுப் பொங்கலன்று பிற்பகல் போய்ச் சேர்ந்தோம். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. வட்டமான கூடாரம், நடுவில் ஒரு இரும்புக் கம்பம், தரையில் சணல் பாய், பிள்ளைகளுக்கு இரண்டு சின்னக் கட்டில்கள். மகள் படம் எடுத்துத் தள்ளினாள். ஆறு மணி வாக்கில் காற்று விழுந்தது. அதற்காகக் காத்திருந்த மாதிரி சேண்ட்ஃபிளைகள் வந்தன. பெயரில் மணல் இருந்தாலும் இவை அலையாத்திக் காட்டுச் சேற்றிலும் கழிமுகத்து ஈர மணலிலும் பிறக்கிற கடிப்பூச்சிகள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். கொசுவாவது காதருகே வந்து அறிவிக்கும், இவற்றுக்குச் சத்தமே கிடையாது. சாதாரணக் கொசுவலையின் கண் இவற்றுக்கு வாசல். டார்ச் விளக்கை வலையில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன்: ஒரு கருப்புப் புள்ளி வலையில் உட்கார்ந்தது, இறக்கையை மடித்தது, ஓட்டைக்குள் தலையை விட்டது, உள்ளே வந்துவிட்டது. அதன் பின்னால் இன்னொன்று. பார்த்துக்கொண்டே இருந்தேன், வேறு என்ன செய்ய? 'பூச்சிவலை' என்று விளம்பரத்தில் போட்டிருந்தது இதைத்தான்.

இவை விடியலிலும் அந்தியிலும் அதிகம் கடிக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெருகும் நாட்களில் கூட்டம் இன்னும் பெருகும் என்பது கழிமுகத்துக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். நாங்கள் போனது பௌர்ணமிக்கு மறுநாள். ஆகவே இடத்தைப் பதிவு செய்யுமுன் செயற்கைக்கோள் வரைபடத்தில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தண்ணீரோரம் கரும்பச்சையாக அடர்ந்த பட்டை தெரிந்தால் அது அலையாத்தி. 'நீரோரத் தங்கல்' என்ற விளம்பரத்துக்கு அதுதான் பொருள். திறந்த கடலைப் பார்த்த, காற்று ஓயாமல் வீசுகிற இடத்தில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும், ஏனென்றால் இவற்றுக்குக் காற்றை எதிர்த்துப் பறக்கத் தெம்பில்லை. அதே காரணத்தால் படுக்கைக்கு நேரே வைத்த மின்விசிறி எந்த வலையையும்விட நன்றாகக் காப்பாற்றும், மின்சாரம் இருக்கும்வரை. பூசுகிற மருந்தில் டீட் அல்லது பிகாரிடின் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாசனைத் திரி, எலுமிச்சைப் புல் எண்ணெய் இவற்றை நம்பிக் குழந்தையை உட்கார வைக்காதீர்கள். முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, காலுறை. கொசுவும் கூடவே உண்டு. குயின்ஸ்லாந்தில் ராஸ் ரிவர் வைரஸைப் பரப்புவது கொசுதான். மூட்டு வலி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும், அதற்குத் தடுப்பூசி இல்லை.

ஜனவரியில் இங்கே ஐந்து மணிக்கே சூரியன் வந்துவிடுகிறது. ஏழு மணிக்குக் கித்தானுக்குள் இருக்க முடியவில்லை. இரவு முழுவதும் சொறிந்த பிள்ளைகள் விடியற்காலையில்தான் கண்ணயர்ந்தார்கள், வெயில் எழுப்பிவிட்டது. மெத்தை விரிப்பு தொட்டால் நசநசவென்று இருந்தது. கூடாரத்தின் கீழ்விளிம்பில் கரும்புள்ளிகளாகப் பூசணம். படங்களில் அந்த விளிம்பு மட்டும் எப்போதும் ஒரு கூடைக்குப் பின்னால் இருந்ததைப் பிறகு கவனித்தேன். இடையில் ஒரு வேடிக்கை: இரவில் போஸம் என்ற மரமேறி விலங்கு ஒன்று வந்து முறுக்கு டப்பாவைத் திறந்து, சாவகாசமாகத் தின்றுவிட்டுப் போயிருந்தது. எள்ளுருண்டையைத் தொடவில்லை. சாப்பாட்டுப் பொருளை இரவில் காருக்குள் பூட்டி வையுங்கள். கூடாரத்துக்குள் வாசனையோடு எதுவும் இருக்கக்கூடாது.

அன்று காலையில் கடற்கரைக்குப் போனோம். வடகிழக்குக் காற்று அடித்தால் நீல நிறக் குமிழ்களாக புளூபாட்டில் ஜெல்லிமீன்கள் கரையில் ஒதுங்கும். அன்றும் கொஞ்சம் கிடந்தன. யார் மீதும் படவில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்: பட்டுவிட்டால் ஒட்டியிருக்கும் நூலை எடுத்துவிட்டு, கடல்நீரால் கழுவி, பொறுக்கிற அளவு வெந்நீரில், சுமார் 45 டிகிரி, இருபது நிமிடம் வைக்க வேண்டும். வினிகர் இதற்கு வேண்டாம். அது வடக்கே வெப்பமண்டலக் கடலில் உள்ள பெட்டி ஜெல்லிமீனுக்கான முதலுதவி. குளிப்பது உயிர்காப்பாளர்கள் நடும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும்.

திரும்பியபோது மணி இரண்டு. காற்று வடக்கிலிருந்து, சூடாக, ஈரமாக வீசியது. பக்கத்தில் கேரவன் போட்டிருந்த முதியவர் ஒருவர் வேலையாக இருந்தார். வெயில் மறைப்பைச் சுருட்டிக் கட்டினார், நாற்காலிகளை மடக்கினார், காரை யூகலிப்டஸ் மரத்தடியிலிருந்து எடுத்து வெட்டவெளியில் விட்டார். "மேற்கே பார்த்தீர்களா?" என்று கேட்டார். பார்த்தேன். மரங்களுக்கு மேலே கருநீலம், அடியில் ஒரு பச்சைச் சாயல். என் கைபேசியில் சிக்னல் இல்லை. அங்கே அவர் வைத்திருந்த நிறுவனத்தின் இணைப்பு மட்டும்தான் எடுக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் தன் கைபேசியில் வானிலைத் துறையின் ரேடார் படத்தைக் காட்டினார். கடும் இடிமழை எச்சரிக்கை ஏற்கெனவே வந்திருந்தது. தங்கல் நடத்துகிறவர்களிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. அந்த 'இருபத்துநான்கு மணி நேரப் பொறுப்பாளரை' முதியவருடைய கைபேசியிலிருந்தே அழைத்தேன். எடுத்தவர் கோல்ட் கோஸ்ட்டில் இருந்தார். நாங்கள் இருந்த இடத்துக்கும் அவருக்கும் நடுவில் பிரிஸ்பேன் முழுவதும் இருக்கிறது. கூடாரத்தின் கயிறுகளை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், நாளைக் காலை ஆள் வருவார் என்றார்.

கயிறுகளை இறுக்கப் போனேன். கயிறு கட்டிய முளை கையோடு வந்துவிட்டது, ஈர மண்ணில் முள்ளங்கி வருவதுபோல. ஒரு சாண் நீளம்கூட இல்லாத மெல்லிய கம்பி. மணல் தரைக்கென்று அகலமான, இரண்டு மடங்கு நீளமான முளைகள் கடைகளில் விற்கின்றன, கடற்கரையில் கூடாரம் போடுகிற எவருக்கும் இது தெரியும். ஆண்டு முழுவதும் கடற்கரையில் கூடாரம் வாடகைக்கு விடுகிறவர்களுக்குத் தெரியாதா? முதியவர் வந்து மரச் சுத்தியலால் அடித்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "குழந்தைகளைக் காரில் உட்கார வையுங்கள்" என்றார். இடி மின்னலில் கூடாரம் பாதுகாப்பே அல்ல, அதிலும் நடுவில் இரும்புக் கம்பம் உள்ளது. நல்ல கட்டடம் இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய, உலோகக் கூரையுள்ள கார்தான் அடுத்த இடம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது நொடிக்குக் குறைவாக இருந்தால் உள்ளே போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு அரைமணி நேரமாவது வெளியே வரக்கூடாது. காரையும் அவரைப் பார்த்து வெட்டவெளிக்கு மாற்றினேன். யூகலிப்டஸ் மரம் காற்றே இல்லாத நாளிலும் கிளையைப் போடக்கூடியது.

மழைக்கு முன்னால் காற்று வந்தது. வடக்கிலிருந்து வீசியது சட்டென்று நின்று, தென்மேற்கிலிருந்து குளிர்ந்து, ஒரே தள்ளாகத் தள்ளியது. கூடாரத்தின் ஒரு பக்கம் எழும்பி, நடுக்கம்பத்தோடு சாய்ந்து, விளக்குச் சரத்தை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டது. எங்கள் பைகள் அதற்குள். பிறகு மழை. காரின் கூரைமேல் விழுந்த சத்தத்தில் மகன் வாயசைப்பது தெரிந்தது, பேசியது கேட்கவில்லை. மகள் மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணிக்கொண்டிருந்தாள், அவளுக்கு அது ஒரு பிடிப்பாக இருந்தது. மூன்று வரை வந்து நின்றது ஒருமுறை. எனக்கு முதலில் கோபம்தான் இருந்தது, 1,120 டாலர் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். பின்னால் எங்கோ கிளை ஒன்று முறிந்து விழுந்த சத்தம் கேட்டதும் கோபம் போய்விட்டது. இரண்டு பிள்ளைகளோடு, யாருக்கும் சொல்லக்கூட வழியில்லாத இடத்தில் இருக்கிறேன் என்ற நினைப்பு அடிவயிற்றைப் பிடித்தது. ஆஸ்திரேலியாவில் சிக்னல் இல்லாத கைபேசியிலும் அவசர உதவிக்கான 000 எண்ணை அழைத்தால், அங்கே எந்த நிறுவனத்தின் கோபுரம் எட்டுகிறதோ அதன் வழியே போகும். இதை அன்று இரவு நான் அறிந்திருக்கவில்லை. வெள்ளம், புயல் சேதத்துக்கு மாநில அவசரச் சேவையின் எண் 132 500. இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் துணையாக இருந்தது கார் வானொலி. அரசு ஒலிபரப்பான ஏபிசியின் வட்டார நிலையம் இந்த மாதிரி நேரங்களில் ஊர் ஊராகப் பெயர் சொல்லி எச்சரிக்கை வாசிக்கும். எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்கள் வரிசையாக வந்தபோது பயம் கூடியதா குறைந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

இரவு காரிலேயே. மின்சாரம் போய்விட்டதால் கழிப்பறைக் கட்டடமும் இருட்டு. கண்ணாடியைத் திறந்தால் பூச்சி, மூடினால் புழுக்கம். மகன் என் மடியில் தலை வைத்து, "அம்மா, வீட்டுக்குப் போய்விடலாமா?" என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போனான். விடிந்ததும் கிளம்பலாம் என்று பார்த்தால், வெளியே போகும் ஒரே சாலையில் ஓடை ஏறி ஓடிக்கொண்டிருந்தது. பழுப்புத் தண்ணீர், அடியில் சாலை இருக்கிறதா அரித்துப் போயிற்றா என்றே தெரியாது. 'வெள்ளமா, மறந்துவிடு' என்று குயின்ஸ்லாந்து அரசு விளம்பரம் செய்கிறதே, அதன் பொருள் அங்கே நின்றபோதுதான் உறைத்தது. உயரமான வண்டி வைத்திருந்த ஒருவர் தண்ணீரில் இறக்கி ஓட்டிப் போனார். எனக்குப் பின்னால் நின்றவர் என்னையும் போகச் சொல்லிக் கை காட்டினார். நான் போகவில்லை. 2022 பிப்ரவரியில் ஜிம்பியில் மேரி ஆறு 22.96 மீட்டருக்கு ஏறிய ஊர்ப்பக்கம் இது, தண்ணீரோடு விளையாடுகிற இடமல்ல. முதியவரின் மனைவி பிள்ளைகளுக்குக் கேரவன் அடுப்பில் ரொட்டி வாட்டிக் கொடுத்தார். நனையாமல் காரில் இருந்த எலுமிச்சைச் சாதத்தை நான் அவர்களுக்குக் கொடுத்தேன். அவர் மிளகாயை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை முழுவதும் சாப்பிட்டார். பிற்பகல் தண்ணீர் இறங்கியது. காலையில் வருவார் என்ற ஆள் அதுவரை வரவில்லை. கித்தானுக்கு அடியிலிருந்து பைகளை நானே இழுத்தெடுத்தேன், ஒவ்வொன்றையும் படமெடுத்தேன், கிளம்பினோம்.

செலவு அத்தோடு முடியவில்லை. மகன் காலில் சொறிந்த இடமெல்லாம் புண்ணாகிச் சீழ் வைத்தது. மருத்துவருக்கு அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் தந்தது போக மிச்சம் 45 டாலர், மருந்துக்கு 38. பைக்குள் இருந்த மகளின் டேப்லெட் நனைந்து செத்துப்போயிற்று. தூக்கமில்லாத உடம்போடு வேலைக்குப் போக முடியாமல் சம்பளமில்லா விடுப்பு வேறு. ஊரில் மருத்துவமனை வராந்தாவில் நிற்கிற கணவரிடம் இதையெல்லாம் சொல்லவும் மனம் வரவில்லை. நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டேன், மகன்தான் காணொளியில் காலைத் தூக்கிக் காட்டிவிட்டான்.

இப்போது யாராவது கிளாம்பிங் போகிறேன் என்றால் நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் வேறு. கட்டில் பெரிதா, காலைச் சாப்பாடு உண்டா என்பதெல்லாம் அப்புறம். புயல் எச்சரிக்கை வந்தால் நாங்கள் எந்தக் கட்டடத்துக்குள் போவது என்று முதலில் கேளுங்கள். "கவலைப்படாதீர்கள், கூடாரம் பலமானது" என்று பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். கூடாரம் மண்மேல் இருக்கிறதா, மரத்தளம் போட்டு உயர்த்தி, கயிறுகளைத் தளத்திலேயே பூட்டியிருக்கிறார்களா? மரத்தளம் இருந்தால் தரையில் ஓடும் மழைநீர் எளிதில் உள்ளே வராது, முளைப் பிரச்சினையும் கிடையாது. மேலே யூகலிப்டஸ் கிளை இருக்கிறதா? பொறுப்பாளர் இரவில் அந்த வளாகத்திலேயே படுக்கிறாரா, தொலைபேசியில் மட்டும் இருக்கிறாரா? வலையின் கண் சேண்ட்ஃபிளையைத் தடுக்கும் அளவு நுண்ணியதா? எந்த நிறுவனத்தின் சிக்னல் எடுக்கும்? வெளியே போக எத்தனை சாலை, அதில் தாழ்வான பாலம் உண்டா? இவற்றைத் தொலைபேசியில் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும்.

ஜூலை விடுமுறையில் மறுபடி போனோம், கணவரும் வந்திருந்தார். இந்த முறை கிளாம்பிங் இல்லை. யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் தம் குடும்பக் கூடாரத்தையும் மணல் முளைகளையும் இரவல் கொடுத்தார். ரெயின்போ பீச்சுக்கு அப்பால் இன்ஸ்கிப் முனை. தேசியப் பூங்காத் துறை நடத்தும் முகாம், ஒரு தலைக்கு ஓர் இரவுக்கு ஏழு டாலரை ஒட்டித்தான் வரும். முன்கூட்டியே இணையத்தில் அனுமதி எடுத்தாக வேண்டும், போய் இறங்கிவிட்டு எடுக்க முடியாது. கழிப்பறை உண்டு, குளியலறை இல்லை, குடிநீரும் நாமே கொண்டுபோக வேண்டும். 2015 செப்டம்பரில் இந்த முனையில்தான் ஓர் இரவில் கரை உள்வாங்கிக் கார், கேரவன், கூடாரங்களைக் கடல் விழுங்கியது, யாருக்கும் காயமில்லை. அதனால் நீரோரத்தை விட்டு நன்றாகத் தள்ளியே போட்டோம். எதிரே கெகாரி (K'gari, முன்பு ஃப்ரேசர்) தீவு, அதற்குப் போகும் கார் ஏற்றும் படகு நாள் முழுவதும் கார்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. பகலில் இருபத்திரண்டு டிகிரி, இரவில் பத்து. குளிருக்கு ஆளுக்கு இரண்டு போர்வை வேண்டும், குழந்தைக்குக் குல்லா வேண்டும். ஆனால் கித்தான் காய்ந்திருந்தது, ஆறரை மணி வரை இருட்டாக இருந்தது, பூச்சி அந்தியில் கொஞ்ச நேரம்தான். கூன்முதுகுத் திமிங்கிலங்கள் ஜூன் முதல் வடக்கே போகிற காலம் அது. மகன் கரையில் நின்று நீர் பீச்சியடிப்பதை எண்ணிக்கொண்டிருந்தான். ஆகஸ்ட் என்றால் மட்டும் ஒரு யோசனை: பிரிஸ்பேனில் எக்கா கண்காட்சி நடக்கிற சமயத்தில் மேற்கிலிருந்து வறண்ட காற்று விடாமல் அடிக்கும், கூடாரக்காரர்களுக்கு அது எரிச்சல்.

பணத்தைத் திரும்பப் பெற்ற கதைதான் மிச்சம், பலருக்கு உண்மையில் தேவைப்படுவதும் அதுதான். முதல் கடிதத்தில் மழை, இடி, தூக்கமின்மை என்று இரண்டு பக்கம் எழுதினேன். வானிலை எங்கள் கையில் இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது, கூடவே ஓராண்டுக்குச் செல்லுபடியாகும் கூப்பன், பள்ளி விடுமுறை நாட்கள் நீங்கலாக. பள்ளிப் பிள்ளை வைத்திருப்பவருக்கு அந்தக் கூப்பன் எதற்கு? அலுவலகத்தில் ஒப்பந்தம் பார்க்கிற தோழி கடிதத்தைப் படித்துவிட்டு, மழையைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதே என்றாள். மழைக்கு அவர்கள் பொறுப்பல்ல. ஆனால் விற்கும்போது சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு என்றால் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி அவர்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும், 'எக்காரணத்தாலும் பணம் திரும்பத் தரப்படாது' என்று தங்கள் விதியில் எழுதி வைத்திருந்தாலும் சரி. ஆகவே இரண்டாம் கடிதத்தில் விளம்பரத்தின் அந்த நான்கு வரிகள் மட்டும். எந்தப் பருவத்துக்கும் ஏற்ற கூடாரம்: இதோ முளை, பக்கத்தில் என் கை. பூச்சிவலை: இதோ மகனின் கால், மருத்துவர் சீட்டு. மின்விசிறி: மின்சாரம் போன நேரம். இருபத்துநான்கு மணி நேரப் பொறுப்பாளர்: இதோ அழைப்புப் பதிவு, மறுநாள் வரை யாரும் வரவில்லை. விளம்பரப் பக்கத்தை அன்றே படமெடுத்து வைத்திருந்தது நல்லதாயிற்று, பிப்ரவரியில் அந்த வரிகளைத் திருத்திவிட்டார்கள். பதில் வராததால் குயின்ஸ்லாந்து நியாய வணிக அலுவலகத்தில் இணையம் வழியாகப் புகார் கொடுத்தேன், கட்டணம் இல்லை. கடன் அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடமும் முறையிடலாம், அதற்குக் காலக்கெடு உண்டு என்பதால் தள்ளிப்போடாதீர்கள். இதற்கும் மசியாவிட்டால் குயின்ஸ்லாந்து தீர்ப்பாயம் இருக்கிறது, 25,000 டாலர் வரையிலான சிறு வழக்குகளை வக்கீல் இல்லாமலே அங்கே நடத்தலாம்.

புகார் நடந்துகொண்டிருந்தபோதே ஆல்ஃபிரெட் புயல் வந்தது. 2025 மார்ச் 8 அன்று பிரைபி தீவருகே, வலு குறைந்து கரை கடந்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. அந்த வார இறுதிக்கு அறை, கூடாரம் எடுத்திருந்த தெரிந்தவர்கள் சிலர், புயலுக்குப் பெயர் வைத்த பிறகு அவசரமாகப் பயணக் காப்பீடு வாங்கினார்கள். அறிவிக்கப்பட்ட புயலுக்கு அதன் பிறகு வாங்கும் காப்பீடு பொதுவாகப் பணம் தராது. வாங்குவதானால் பதிவு செய்கிற அன்றே வாங்க வேண்டும், இழப்பில் நாமே ஏற்க வேண்டிய தொகை (excess) எவ்வளவு என்பதையும் படித்துப் பார்க்க வேண்டும்.

ஏப்ரலில் இரண்டு இரவுக்கான 690 டாலர் என் கணக்குக்கு வந்தது, மன்னிப்போ விளக்கமோ எதுவும் இல்லாமல். முதல் இரவு நாங்கள் படுத்தோம் என்பது அவர்கள் வாதம், அதை நான் விட்டுவிட்டேன். துப்புரவுக் கட்டணம் 85 டாலரைத் தர முடியாதாம். விழுந்து கிடந்த கூடாரத்தில் எதைத் துப்புரவு செய்தார்கள் என்று கேட்டு எழுதிய மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் இல்லை.